ரிசப்ஷன் வெள்ளத்தாய்

“வாங்க, வாங்க! நல்ல நேரத்துக்கு வந்துட்டீங்க!” என்று சொல்லிக்கொண்டே வெள்ளத்தாயக்கா பன்னீர்ச் சொம்பைச் சுண்டுகிறாள். வந்திருப்பவர்கள் தாலி கட்டி முடிந்து, முதல் பந்தியும் கை கழுவிய பிறகு வேர்க்க விறுவிறுக்க வருகிறவர்கள். அதனாலென்ன? நாம் தாமதம் இல்லை போலிருக்கிறது என்று அவர்களே நம்பிக்கொண்டு நிமிர்ந்து உள்ளே போகிறார்கள். பன்னீர் தெளிப்பதில் அவளுக்கென்று ஒரு கைவாகு உண்டு. முழங்கை அசையாது. மணிக்கட்டில் ஒரு சுண்டு, அவ்வளவுதான். தலையில் படும், கண்ணில் படாது, பட்டுச்சேலையில் சொட்டு விழாது.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டியிருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு இவள் கணவர் தனுஷ்கோடிதான் மேனேஜர். மேனேஜர் என்பது பெயருக்கு. ஃபியூஸ் போடுவது, மோட்டார் ஓட்டுவது, வாழைமரம் கட்டுவது, குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளைத் தோழனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போவது எல்லாம் அவர் வேலை. மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு அறையில் குடித்தனம். அடுத்த காம்பவுண்டில் நான். தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டிவிட்டு வந்து சற்றுக் கண்ணை மூடலாம் என்றால் ஸ்பீக்கர் விடாது. முகூர்த்த மாதம் பிறந்தால் ஊரில் யார் கல்யாணம் பண்ணிக்கொண்டாலும் எனக்கு ஆகாது.

சண்டை போடப் போன இடத்தில்தான் இவள் பழக்கமானாள். “ஏட்டி, திட்டுறதுக்கு முந்தி ஒரு கல்கண்ட எடுத்து வாயில போடு” என்று தட்டை நீட்டினாள். போட்டேன். என்ன திட்ட வந்தேன் என்பதே மறந்து போனது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘தாலுகாபீஸ்’.

வரவேற்பு மேசையில் நிற்க ஒவ்வொரு கல்யாணத்திலும் சொந்தக்காரப் பெண்கள் இருக்கத்தான் செய்வார்கள். வீடியோ விளக்கு எரிந்த மறுநிமிடம் அத்தனை பேரும் மணமேடைக்கு ஓடிவிடுவார்கள். சந்தனக் கிண்ணம் அநாதையாகக் கிடக்கும். வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். இதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் போய் நின்றவள்தான். இப்போது மண்டபம் பேச வருகிறவர்கள் ஜெனரேட்டர் உண்டா, பாத்திரம் உண்டா என்று கேட்பதோடு, “ரிசப்ஷனுக்கு அந்த வெள்ளத்தாய் உண்டுல்ல?” என்றும் கேட்கிறார்கள். மம்சாபுரத்திலிருந்து இவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது தாய் கொடுத்த வெள்ளிச் சொம்பு ஒன்று உண்டு. அதைத்தான் எடுத்துக்கொண்டு வருவாள். மண்டபத்துச் சொம்பு ஆகாது. “அது ஓட்டை அடைச்ச சொம்பு. தெளிக்காது, துப்பும்” என்பாள்.

யார் எந்த வீட்டு ஆள் என்று இவளுக்குக் கேட்காமலே தெரியும். எப்படி என்று விசாரித்தேன். “செருப்பப் பாருட்டி. மாப்பிள்ள வீட்டாளு செருப்ப எங்க போடணும்னு யாராவது காட்டுவாகளான்னு நிப்பாரு. பொண்ணு வீட்டாளு கெடச்ச எடத்துல ஒதறிட்டு ஓடி வருவாரு” என்றாள். நானும் சோதித்துப் பார்த்துவிட்டேன், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

“வாங்கன்னு ஒரு வார்த்த கேக்க ஆளு இல்லன்னா வந்தவன் நிப்பானா? எம்புட்டுச் சோறு ஆக்கி வச்சாலும் திரும்பிப் போயிருவான்” என்பது இவளுடைய கட்சி. அப்படித் திரும்பிப் போன சித்தப்பாக்கள், பெரியப்பாக்கள், அவர்களைச் சமாதானம் பண்ணக் கார் பிடித்துப் போனவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிச் சொல்லுவாள். கேட்டால் நேரம் போவது தெரியாது.

‘வாங்க’ என்று சொல்ல இவளுக்கே வாய் வராத ஆள் ஒருவர் உண்டு. சுப்புராஜ். மில்லில் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சாதுவான மனிதர். எந்தக் கல்யாணமானாலும் முதல் ஆளாக வந்து, முன்வரிசையில் ஃபேனுக்கு நேர் கீழே சம்பந்திக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளை வீடு என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைப்பார்கள். மொய் கிடையாது, சர்க்கரை வியாதி என்பதால் பந்தியும் கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்பார். இடது முழங்கால் மடங்காது என்பதால் காலை நீளமாக நீட்டிக்கொள்வார். அந்த வரிசையில் ஒரு கோழிக்குஞ்சு நுழைய முடியாது. வீடியோக்காரர் இரண்டு தடவை விழுந்திருக்கிறார்.

“ஐயா, சம்பந்தி வந்துட்டாவ. எந்திரிங்க.”

“பர்வாலேதம்மா, பரவால்ல, செத்த நேரம்.”

“உங்க செத்த நேரம் எனக்குத் தெரியாதா? பந்தி முடிஞ்சு பாத்திரம் கழுவுற வரைக்கும் செத்த நேரந்தான்!”

இந்த வசனம் எனக்கே மனப்பாடம். கடைசியில் அக்காதான் ஜெயிப்பாள். அவர் முனகிக்கொண்டு எழுந்து, அடுத்த காலியிடம் பார்த்துப் போய், அங்கே காலை நீட்டுவார்.

போன வருஷம் வைகாசியில் அக்காவுக்கு வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. சொம்பைத் தூக்கும்போது கக்கத்தில் ஏதோ பிடித்து இழுத்ததாம். யாரிடமும் மூச்சு விடவில்லை. வைகாசியும் ஆனியும் முகூர்த்தம் நெருக்கமாக இருந்ததால், ஆடி பிறந்த பிறகுதான் என்னிடம் வந்து, “வலிக்கவே இல்ல, ஆனாலும் காட்டிருவோம்னு பாக்கேன். ஆடியில மண்டபம் சும்மாதான கெடக்கும்” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தன் உடம்பை ஆடி வரை ஒத்திப்போட்ட பெண்பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது? திட்டிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தனுஷ்கோடி அண்ணன் வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். பொம்பளைகள் சமாச்சாரம் என்று கூச்சம்.

டாக்டர் கிருபாபாய் நாகர்கோவில்காரர். நறுக்கென்று பேசுவார். கட்டியில் ஊசி போட்டு எடுத்துச் சோதித்து, புற்றுதான் என்று சொல்லிவிட்டு, அக்கா அதை மனதில் வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் கொடுத்தார். பிறகு, “ஆபரேஷன்ல கட்டிய எடுத்த உடனே ஒரு துண்ட ஐஸ்ல வச்சு மதுரைக்கு அனுப்பணும். ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் இருக்கா இல்லையான்னு பாக்கணும்” என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “யாரு டாக்டரம்மா அந்த ஈஸ்டர் ஜான்? உங்க சொந்தக்காரவியளா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த அறையில் அப்போது சிரிப்பு வரும் என்று யார் எதிர்பார்த்தது? “ஜான் இல்லம்மா, ஈஸ்ட்ரோஜன். பொம்பளைங்க ஒடம்புல ஊறுற ஒரு சுரப்பு. சூல்பையில இருந்து கெளம்பி ரத்தத்துல போகும்.”

“போகட்டும். அவனுக்கு எதுக்கு ரிசப்ஷன்?”

இவள் கல்யாண மண்டபத்தில் என்ன செய்கிறாள் என்பதை நான் சொன்னேன். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “ரிசப்ஷன்னே வச்சிக்குவோம். அதுவும் சரியாத்தான் வருது” என்றார்.

அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன். ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. மிகச் சின்னது, கொழுப்பில் கரைவது. அதனால் எந்தச் செல்லின் சவ்வும் அதைத் தடுக்காது, எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். ஆனால் எல்லா வீட்டிலும் அதற்கு வேலை இல்லை. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, அதாவது அந்த ரிசப்டர், எந்தச் செல்லுக்குள் இருக்கிறதோ அங்கேதான் அது நிற்கும். ஏற்பி என்பது ஒரு புரதம். அதன் நடுவில் ஈஸ்ட்ரோஜனின் வடிவத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு குழி உண்டு.

“அது இல்லாத வீட்ல?” என்று கேட்டாள் அக்கா.

“நுழைஞ்ச வழியே வெளிய போயிரும்.”

“வாங்கன்னு கேக்க ஆளில்லன்னா போகத்தான செய்வான்!” என்று என்னைப் பார்த்தாள். தன் கட்சிக்கு டாக்டரே சாட்சி சொல்லிவிட்ட மாதிரி ஒரு பெருமை. அந்த நேரத்திலும்!

ஆனால் ஒரு விஷயம் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த ஏற்பி வீட்டு வாசலில் நிற்பதில்லை. செல்லின் உட்கருவில், மரபணு இருக்கிற மணவறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. “வாசல்ல ஆளு வைக்காம மணவறையிலயா ரிசப்ஷன் வைப்பாக? என்ன கல்யாணமோ” என்றாள். டாக்டர் அதற்கும் சிரித்துவிட்டு மேலே சொன்னார். ஈஸ்ட்ரோஜன் குழிக்குள் உட்கார்ந்ததும் ஏற்பி அதைச் சுற்றி இறுக மூடிக்கொண்டு, தன் உருவத்தையே மாற்றிக்கொள்கிறது. அப்படி மாறிய இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, மரபணு இழையில் குறிப்பிட்ட இடத்தில் போய் உட்கார்கின்றன. உருவம் மாறியதால்தான் உதவிக்கு வேறு புரதங்கள் வந்து கைகோக்க முடிகிறது. எல்லாம் கூடியதும் மரபணு வேலையைத் தொடங்குகிறது, செல் பெருகுகிறது.

“கெட்டிமேளம்!” என்றாள் அக்கா.

கெட்டிமேளம்தான். பெண் பெரியவளாவதும் எலும்பு உறுதியாக இருப்பதும் இதனால்தான். ஆனால் புற்றுச் செல்லில் இந்த மேளம் நிற்பதே இல்லை. அதை நிறுத்த ஒரு மாத்திரை இருக்கிறது, டமாக்சிஃபென் என்று பெயர். அதுவும் போய் அதே குழியில்தான் உட்காரும். ஆனால் அதற்கு ஒரு பக்கம் நீளமான வால் மாதிரி ஒன்று உண்டு, அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் ஏற்பி சரியாக மூட முடியாது, உதவிக்கு வருகிறவர்கள் கிட்டே வர முடியாது. இடம் நிறைந்துவிட்டது, வேலை மட்டும் நடக்காது.

“மொய்யும் கெடையாது, பந்தியும் கெடையாது, சும்மா உக்காந்திருக்கும். கால நீட்டிக்கிட்டு வழிய மறிச்சிக்கிட்டு…” அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, இது சுப்புராஜ்ல்லா!”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சுப்புராஜ் யார் என்று டாக்டருக்கும் சொல்லவேண்டியதாயிற்று.

“சரி, ரிசப்ஷன் இல்லைன்னு வந்துட்டா?” என்றாள் அக்கா, குரல் இறங்கி.

டாக்டர் மழுப்பவில்லை. “இருந்தா ஆபரேஷனுக்குப் பொறவு இந்த மாத்திரை நல்லா பிடிச்சு நிறுத்த வாய்ப்பு இருக்கு. இல்லைன்னா மாத்திரை பிரயோஜனம் இல்ல. மதுரைக்குப் போய் நரம்புல மருந்து ஏத்தணும். அது கஷ்டம், உறுதியும் கம்மி.”

“நாற்காலியே இல்லாத மண்டபத்துல சுப்புராஜ் எங்க போயி உக்காருவாரு” என்றாள் அக்கா.

எனவே நாங்கள் எல்லாரும் அந்தக் கட்டிக்குள் நாற்காலி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். அக்கா உயிரோடு இருப்பது அதில் இருந்தது.

ஆபரேஷன் அன்று ஐஸ் விஷயம்தான் பெரிய பாடு. ஏற்பி வெகு மென்மையான பொருள், சூடு பட்டால் கெட்டுவிடும். பிறகு சோதனை, இருந்ததைக்கூட இல்லை என்றே காட்டும். தனுஷ்கோடி அண்ணன் மண்டபத்து ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவி, ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்கி உடைத்து நிரப்பி, நடுவில் டாக்டர் கொடுத்த குப்பியை வைத்து, மதுரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் பால்கோவா விற்றுக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, பால்கோவாவுக்குப் போயி ஐஸ் எதுக்கு? அது கெடாது. கீழ வைங்க” என்றாராம்.

“நான் என்னத்தச் சொல்ல? இருக்கட்டும்பான்னு இன்னும் நெருக்கிப் பிடிச்சிக்கிட்டேன்” என்று அண்ணன் பிறகு சொன்னார். “பஸ் கெளம்பி கோபுரம் தெரிஞ்ச எடத்துல பெட்டிய ஒரு தூக்கு தூக்கி ஆண்டாளுக்குக் காட்டினேன். அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம்.” இதைச் சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மனிதருக்கு எதற்கெடுத்தாலும் கண் நிறையும். யார் வீட்டுப் பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாலும் ஜெனரேட்டர் ரூமில் நின்று அழுவார்.

சோதனை முடிவு தெரியவேண்டிய நாளில் டாக்டர் ஊரில் இல்லை. நாகர்கோவிலில் அவருடைய அண்ணன் மகளுக்குப் பிரசவம். மதுரைக்குப் போன் பண்ணிக் கேட்கச் சொல்லியிருந்தார். அண்ணன் பழைய பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. “லைன் கெடைக்கல” என்றார். மறுநாளும் லைன் கிடைக்கவில்லை. அதற்கு மறுநாளும் கிடைக்கவில்லை.

அந்த வாரம்தான் அக்கா, மார்பைச் சுற்றிக் கட்டோடு, மெல்ல நடந்து என் வீட்டுக்கு வந்தாள். இடது கையில் வெள்ளிச் சொம்பு.

“இத நீ வச்சிக்கோ.”

“என்னக்கா இது?”

“ரிசப்ஷன் இல்லைன்னு வந்திருக்கு போலட்டி. அவிய வாயத் தொறக்கல. ஆனா எனக்குத் தெரிஞ்சு போச்சு. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல அடுப்படிப் பக்கமே வராத மனுசன், மூணு வேளையும் காப்பி போட்டுத் தாராவ. நேத்து பால்கோவா வாங்கியாந்து ஊட்டி விட வாராவ. இதுக்கு மேலயா ரிசல்ட்டு வேணும்?” சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. “உனக்குத்தான் கல்யாணம்னாலே ஆகாதே, ஒண்ணுக்கும் தூக்கிக் குடுக்க மாட்ட. அதான் உங்கிட்டத் தாரேன். வித்துராத.”

எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரம் வந்தது. சொம்பை வாங்கி வைத்துவிட்டு நேரே மண்டபத்துக்குப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில், ஏற்கெனவே துடைத்த மேசையை அண்ணன் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, லைன் கெடைச்சுதா இல்லையா? எங்கிட்டப் பொய் சொல்லாதீங்க.”

துணியை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மினார். “பாசிட்டிவ்வாம்மா… பாசிட்டிவ்னு வந்திருச்சாம். காயிதம் தபால்ல வருமாம். எங்க அண்ணன் மில்லுல இருந்தப்போ சளி எடுத்துப் பாத்துட்டு இதையேதான சொன்னாவ. பாசிட்டிவ்னாவ. டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணன் திரும்பி வரலையே…”

டாக்டர் அன்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். பாசிட்டிவ் என்று வந்தால் ஏற்பி இருக்கிறது என்று அர்த்தம், அதுதான் நமக்கு வேண்டும் என்று. இவர் வெளி பெஞ்சில் இருந்த புண்ணியவான்.

“அட கூறுகெட்ட மனுசா!” என்று கத்திவிட்டேன். என்னைவிட மூத்தவர், பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. “இருக்குன்னுதான அர்த்தம்! ரிசப்ஷன் இருக்கு! அக்காவுக்கு மாத்திரை பிடிக்கும்!”

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கையில் துணியோடு பின்பக்கம் ஓடினார், நானும் ஓடினேன்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னோம். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னதால் முதலில் ஒன்றும் விளங்கவில்லை அவளுக்கு. என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

“நாற்காலி இருக்காட்டி?”

“இருக்குக்கா.”

“நெசமா?”

“ஆண்டாள் மேல சத்தியமா.”

புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “காப்பி போட்டுக் குடுத்தே என்னயக் கொல்லப் பாத்தீயளே!” என்றாள். அப்புறம் அழுதாள். புற்று என்று சொன்ன அன்று கூட அவள் அப்படி அழவில்லை. எனக்கும் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது, கூட உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, “எஞ்சொம்பக் கொண்டா.”

டாக்டர் ஊரிலிருந்து வந்து, தபாலில் வந்த காகிதத்தையும் பார்த்து, அதுதான் என்று உறுதி சொன்னார். நாற்காலி இருப்பதனாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, ஆனால் நல்ல வாய்ப்பு என்றார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வருஷக்கணக்கில். மாத்திரைக்கு அட்டையில் என்ன பெயர் போட்டிருந்தாலும் அந்த வீட்டில் அதற்கு சுப்புராஜ் என்றுதான் பெயர். “அவிய எங்க, சுப்புராஜ எடுத்துத் தரச் சொல்லு” என்று அக்கா சத்தம் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மிரண்டு போவார்கள். வெயிலே இல்லாத நேரத்தில் உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிகிறது என்று விசிறிக்கொள்வாள். ஈஸ்ட்ரோஜனுக்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்காததால் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். “ஈஸ்டர் ஜானுக்குக் கோவம்” என்பாள் அக்கா. இதே மாத்திரை எலும்பில் போய் உட்கார்ந்தால் மட்டும் காலை நீட்டாமல் ஒழுங்காக வேலை பார்க்குமாம், எலும்பு உறுதியாகுமாம். கருப்பையில் என்ன செய்யும் என்று கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். “எடத்துக்கு எடம் ஒரு கொணம். மனுசந்தான்” என்று அதையும் ஒப்புக்கொண்டாள்.

வலது கை மட்டும் மேலே எழவில்லை. சுவரில் விரலை ஊர்ந்து ஊர்ந்து ஏற்றச் சொல்லியிருந்தார் டாக்டர். மண்டப முகப்பில் ‘நல்வரவு’ என்று எழுதி, கைகூப்பி நிற்கும் பெண் ஒருத்தியைப் பெயிண்டில் வரைந்திருக்கிறார்கள். அக்கா அவள் மேலேயே விரலை ஏற்றுவாள். முதலில் இடுப்போடு நின்றது. ஆபீஸ் போகும்போது, “எது வரைக்கும்க்கா?” என்று கேட்பேன். “கழுத்து வந்துட்டேன்” என்பாள். “இன்னைக்கு மூக்குத்தி.” தலையில் வைத்திருக்கிற பூவைத் தொட வேண்டும் என்பது அவள் கணக்கு. இந்த வருஷமும் தொடவில்லை. இடது கையால் தெளித்தால் என்ன என்று கேட்டுவிட்டேன் ஒருநாள். “வந்தவுகள எடது கையாலயா வாங்கன்னு சொல்லுவாக?” என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆபரேஷன் முடிந்து வந்த அந்த ஆவணியிலேயே முதல் முகூர்த்தம். பெண் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், மாப்பிள்ளை உள்ளூர். அக்கா மேசைக்கு வந்து நின்றாள். வலது கை நெஞ்சுக்கு மேல் கொஞ்சம்தான் போயிற்று. உயரமானவர்கள் தாங்களாகவே தலையைக் குனிந்து கொடுத்தார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. பன்னீர் வாங்கக் குனிவது வழக்கந்தானே என்று குனிந்தார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் பட்டுச்சேலையில் நின்றேன். கல்யாணம் ஆகாது என்று சொன்னவள்தான், இருக்கட்டும்.

சுப்புராஜ் வழக்கம்போல விடிந்ததும் வந்து, முன்வரிசையில், ஃபேனுக்குக் கீழே, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆள்படையோடு வந்தார். கூட வந்தவர் ஒருவர், “யாருங்க இது? எந்திரிங்க பெரியவரே, மாமன் ஒக்காரணும்” என்று அதட்டினார். சுப்புராஜ் சுற்றும்முற்றும் பார்த்தார். “பர்வாலேது, பர்வாலேது” என்று முனகி, நாற்காலிக் கையைப் பிடித்து, மடங்காத காலோடு எழப் பார்த்தார்.

வாசலில் ஒரு வேன் நிறைய ஆள் இறங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்களை விட்டுவிட்டு மேசையை விட்டு நகர்ந்ததாக அக்காவை நான் பார்த்ததே இல்லை. சொம்போடு விறுவிறுவென்று கூட்டத்துக்குள் நுழைந்து போனாள். போய், இடது கையால் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

“இவிய எங்க ஆளு. மாமனுக்கு வேற நாற்காலி வரும்” என்றாள் வந்தவரிடம். தனுஷ்கோடி அண்ணன் அதற்குள் ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார், கண் நிறைய.

சுப்புராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு விழப்போகிறது என்று தலையைத் தாழ்த்தினார். அந்தத் தலையில் அக்கா வலது கையால் பன்னீரைச் சுண்டினாள், இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக.

“வாங்கய்யா. யாரு சொன்னாலும் எந்திரிக்காதீங்க. அந்தக் கால நல்லா நீட்டிக்கோங்க.”